மேற்பரப்பில்தான் எல்லாமே இருக்கிறது!



முதலிலேயே ஒரு உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். முதலாமாண்டு இயற்பியல் சோதனைக்கூடத்தில் எனக்கு வந்த சோதனை, ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்து முப்பட்டகத்தின் கோணம் கண்டுபிடிப்பது. சோடியம் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, வெர்னியரில் லென்ஸ் வைத்துப் பார்த்துக் கணக்குப் போட்டதில் கிடைத்த விடை 59 டிகிரி 42 நிமிடம். பக்கத்து மேஜை நண்பன் எட்டிப் பார்த்தான்.

"டேய், முப்பட்டகம்னா 60 டிகிரிடா! இதைக் கொண்டுபோய்க் காட்டினா திரும்ப எடுக்கச் சொல்வாங்க. 60ல இருந்து பின்னாடி வந்து ரீடிங் போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையில் 'குட்' என்று கிடைத்தது. அன்று மாலை கேன்டீனில் டீயும் வடையும் வழக்கம்போல ருசியாகத்தான் இருந்தன.

இதைப் படிக்கும்போதே உங்களில் பல பேர் லேசாகச் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நாம் எல்லாருமே ஒரே படகில் போகிறவர்கள்தானே! ஆனால் நான் விழுங்கிய அந்த 18 நிமிடம் எங்கே போயிற்று என்று பிறகு ஒரு நாள் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு என் மாமாவின் இதயத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

மாமாவின் கேள்வி

என் தாய்மாமா லேத் பட்டறை வைத்திருப்பவர். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவருடைய இதயத்தில் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. நாற்பது வயதில் மாடிப்படி ஏற முடியாமல் போனபோது அறுவை சிகிச்சை செய்து செயற்கை வால்வு வைத்தார்கள். வைத்தது சித்ரா வால்வு.

இந்தச் சித்ரா வால்வைப் பற்றி மெக்கானிக்கல் மாணவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் மருத்துவர்களும் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கியது. முதல் மூன்று மாதிரிகள் தேறவில்லை. நான்காவது மாதிரிதான் ஜெயித்தது. 1990-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. கோபால்ட் கலந்த ஹேய்ன்ஸ்-25 என்ற உலோகக் கலவையில் கடைந்த சட்டம், அதற்குள் பாலிஎத்திலீன் தட்டு, சுற்றிலும் தைப்பதற்குப் பாலியஸ்டர் துணி வளையம். பார்க்கப்போனால் நம் பாடப் புத்தகத்தில் உள்ள 'டில்டிங் டிஸ்க்' வால்வுதான். ஆனால் இது ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை திறந்து மூட வேண்டும். லீவே கிடையாது!

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் சொன்னதை மாமா என்னிடம் சொன்னார். உயிரோடு இருக்கும்வரை தினமும் அசிட்ரோம் மாத்திரை போட வேண்டும். போடாவிட்டால் வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். மாத்திரை அதிகமானால் உடம்பில் எங்காவது ரத்தக் கசிவு. அதனால் மாதாமாதம் பி.டி.-ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை.

சொல்லிவிட்டு மாமா கேட்டார்: "மாப்ளே, நீ டிப்ளமோ படிக்கிறவன், சொல்லு. அந்த வால்வை நான் கையில வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி ஃபினிஷ். என் பட்டறையில அப்படி ஒரு ஃபினிஷ் நான் பார்த்ததே இல்லை. அவ்வளவு வழவழன்னு இருக்கிறதுல ரத்தம் எப்படிடா ஒட்டும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "தெரியலை மாமா" என்றேன். அந்தக் கேள்விதான் என்னை நூலகத்துக்கும், பிறகு இன்டர்நெட்டுக்கும் விரட்டியது.

வழவழப்பு யாருக்கு?

ஒரு விஷயத்தை அலட்சியமாகச் சொல்ல நாம் 'மேலோட்டமானது' என்கிறோம். மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்வது சரியாக இருக்கலாம். பொருட்களைப் பற்றிச் சொன்னால் பெரிய தப்பு. உடம்புக்குள் வைத்த பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று ரத்தத்துக்குத் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் மேற்பரப்பு மட்டுமே.

மெட்ராலஜி பாடத்தில் மேற்பரப்புச் சொரசொரப்பை ஆர்.ஏ. மதிப்பாகச் சொல்கிறோம். 0.05 மைக்ரான் என்றால் கண்ணாடி ஃபினிஷ்; முகம் பார்க்கலாம். 0.05 மைக்ரான் என்பது 50 நானோமீட்டர். ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்றொரு புரதம் இருக்கிறது. ரத்தம் உறையும்போது வலையாகப் பின்னிக்கொள்வது இதுதான். அதன் ஒரு மூலக்கூறின் நீளம் சுமார் 45 நானோமீட்டர். ஆக, நாம் 'வழவழப்பு' என்று சான்றிதழ் கொடுக்கும் இடத்தில் மிஞ்சியிருக்கும் மேடு பள்ளம், இந்த மூலக்கூறின் நீளத்துக்குச் சமம். நம் விரலுக்குக் கண்ணாடி. புரதத்துக்கு அது கரடுமுரடான கட்டாந்தரை!

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. எவ்வளவு பாலிஷ் போட்டாலும் புரதம் ஒட்டத்தான் செய்யும். உலோகமோ பிளாஸ்டிக்கோ, ரத்தத்தில் வைத்த சில நொடிகளிலேயே அதன்மேல் புரதங்கள் வந்து உட்கார்ந்து ஒரு படலம் ஆகிவிடுகின்றன. ரத்தத் தட்டணுக்கள் பிறகுதான் வந்து சேருகின்றன. அவை பார்ப்பது உலோகத்தை அல்ல, அந்தப் புரதப் படலத்தை! மேலே உட்கார்ந்திருப்பது ஆல்புமின் என்றால் தட்டணுக்கள் பெரும்பாலும் பேசாமல் போய்விடும். ஃபைப்ரினோஜன் என்றால் 'வா வா' என்று கையைப் பிடித்து இழுத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். உறைவுக்கு அது ஆரம்பம்.

அதாவது மாமாவின் கேள்விக்குப் பதில் இதுதான்: "மாமா, உங்க வால்வுமேல ரத்தம் நேரா ஒட்டலை. முதல் வரிசையில் யார் சீட் பிடிச்சாங்கன்னு பார்த்துத்தான் மத்தவங்க வர்றாங்க."

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது நமக்குத் தெரியாததா என்ன!

எண்ணெய்ப் படலம் சொன்ன பாடம்

சரி, சில நானோமீட்டர் கனமுள்ள அந்தப் படலத்தை எப்படிப் பார்ப்பது? சாதாரண மைக்ராஸ்கோப்பில் 200 நானோமீட்டருக்குக் கீழே உள்ளவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டுமானால் வழக்கமாக மாதிரியை உலர்த்தி வெற்றிடத்தில் வைக்க வேண்டும். உலர்ந்த பிறகு ஈரத்தில் நொடிக்கு நொடி என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்?

இங்கேதான் ஒளி கை கொடுக்கிறது. மழை நாளில் பெட்ரோல் பங்க் வாசலில் தேங்கிய தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய்ப் படலத்தில் வானவில் நிறங்கள் நெளியும். படலத்தின் மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் எதிரொலிக்கும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று மோதுவதால் வரும் நிறம் அது. கனம் மாறினால் நிறம் மாறும். அப்படியானால் நிறத்தைப் பார்த்துக் கனத்தைச் சொல்லலாம் அல்லவா?

சொன்னார் ஒரு பெண்மணி. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த கேத்ரின் பிளாட்ஜெட். கேம்பிரிட்ஜில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் பெண், 1926-இல். ஒரு மூலக்கூறு கனமுள்ள படலங்களைக் கண்ணாடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எந்த நிறத்துக்கு எவ்வளவு கனம் என்று அளவுகோலே செய்துவிட்டார். 1938-இல் பிரதிபலிப்பே இல்லாத கண்ணாடியை உலகுக்குக் காட்டியதும் அவர்தான்.

நிறத்தைவிட நுட்பமானது ஒளியின் முனைவாக்கம். முனைவாக்கிய ஒளியைப் பளபளப்பான பரப்பில் சாய்வாக விழவைத்தால், எதிரொலித்து வரும்போது அதன் முனைவாக்க நிலை மாறியிருக்கும். பரப்பின்மேல் ஒரு மெல்லிய படலம் வந்தாலும் அந்த மாற்றத்தின் அளவு வேறாகிவிடும். போலராய்டைச் சுழற்றி, ஒளி அணையும் கோணத்தைப் படித்தால் படலத்தின் கனத்தைக் கணக்கிடலாம். இதற்கான சமன்பாடுகளை ஜெர்மனியின் பால் ட்ரூட 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே எழுதிவிட்டார். நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ராத்தென் 1945-இல் இதற்கு 'எலிப்சோமீட்டர்' என்று பெயர் வைத்தார். ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாற்றத்தைக்கூட இதில் பார்க்கலாம்.

இதை ரத்தத்துக்குப் பயன்படுத்தியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் லியோ வ்ரோமன். ஹாலந்துக்காரர். 1940-இல் ஹிட்லரின் படை நாட்டுக்குள் வந்தபோது தப்பி ஓடி, பிறகு ஜப்பானியரின் சிறை முகாம்களில் அடைபட்டு, போர் முடிந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். தம் மொழியில் பெரிய கவிஞரும்கூட! நியூயார்க்கில் எலிப்சோமீட்டரை வைத்துக்கொண்டு, ரத்தப் பிளாஸ்மா பட்ட பரப்பை நொடி நொடியாகக் கவனித்தார். ஆனோடைஸ் செய்த டான்டலம் படிந்த கண்ணாடித் தகடுகளையும் பயன்படுத்தினார். அதில் புரதம் படிந்த இடம் வெறும் கண்ணுக்கே நிறம் மாறித் தெரியும். எந்தப் புரதம் என்று அறிய, அந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் சொட்டுவிடுவார். படலம் தடித்தால் ஆள் அங்கே இருக்கிறான்; தடிக்காவிட்டால் இல்லை.

அவரும் ஆடம்ஸ் என்பவரும் 1969-இல் வெளியிட்ட செய்தி வினோதமானது. முதலில் வந்து உட்கார்ந்த ஃபைப்ரினோஜன் கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விடுகிறது! வேறு புரதம் அதை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ரத்தத்தில் ஏராளமாக இருப்பவை முதலில் வருகின்றன. குறைவாக இருந்தாலும் பரப்போடு அதிகம் ஒட்டக்கூடியவை பின்னால் வந்து அவற்றைத் தள்ளுகின்றன. 'வ்ரோமன் விளைவு' என்று இன்று உலகம் முழுவதும் இதற்குப் பெயர். அவர் 2014-இல் தம் 98-ஆவது வயதில் காலமானார்.

யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் என்ன செய்தார்? போலராய்டைத் திருப்பினார், கோணம் படித்தார், நிறம் பார்த்தார். பார்த்ததை அப்படியே எழுதினார். 'ஒட்டிய புரதம் ஒட்டியபடிதானே இருக்கும், ரீடிங் தப்பா இருக்கும்' என்று திருத்தி எழுதியிருந்தால்?

அந்த 6 நிமிடம்

இனி வருவதுதான் என்னை உலுக்கிய இடம்.

முழு அகப் பிரதிபலிப்பு நாம் எல்லாரும் படித்ததே. கண்ணாடிக்குள்ளிருந்து தண்ணீருக்குப் போகும் ஒளி 61 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் வெளியே போகாமல் திரும்பிவிடும். ஆனால் திரும்பும்போது எல்லைக்கு அப்பால் சுமார் 100, 200 நானோமீட்டர் வரை லேசாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. அந்த எட்டிப் பார்வையைப் பயன்படுத்தியே இரண்டு பெரிய கருவிகள் வந்தன. செல்லின் அடிப்பாகத்தை மட்டும் ஒளிரவைத்து, அது பரப்பில் எங்கெங்கே கால் ஊன்றியிருக்கிறது என்று 1981-இல் காட்டினார் டேனியல் ஆக்ஸல்ராட். அது மைக்ராஸ்கோப் வகை.

இன்னொன்று எஸ்.பி.ஆர். முப்பட்டகத்தின் ஒரு முகத்தில் 50 நானோமீட்டர் கனத்துக்குத் தங்கம் பூசுகிறார்கள். உள்ளிருந்து ஒளியை விழவைத்துக் கோணத்தை மாற்றிக்கொண்டே போனால், ஒரே ஒரு கோணத்தில் திரும்பி வரும் ஒளி சட்டென்று இருண்டுவிடுகிறது. தங்கத்தின் எலக்ட்ரான்கள் அந்த ஒளியின் சக்தியை வாங்கிக்கொண்டு அலையாக ஆடுவதால் வரும் இருட்டு அது. தங்கத்தின் வெளிப்பக்கம் புரதம் வந்து உட்கார்ந்தால் அந்த இருட்டுக் கோணம் நகரும். எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு புரதம். 1968-இல் ஜெர்மனியில் ஓட்டோ, கிரெட்ஷ்மன் இருவரும் தனித்தனியே இந்த அமைப்புக்கு வழி காட்டினார்கள். 1983-இல் ஸ்வீடனில் லீட்பெரி குழுவினர் இதை உயிரியல் உணர்கருவி ஆக்கினார்கள். 1990-இல் பயாகோர் என்ற கருவியாக விற்பனைக்கு வந்தது. தங்கத்தின்மேல் பிளாஸ்டிக்கை மெல்லிய படலமாகப் பூசினால், அந்தப் பிளாஸ்டிக்கோடு ரத்தப் புரதம் எப்படி நடந்துகொள்கிறது என்றும் பார்க்கலாம்.

பயாகோர் கருவியின் கணக்கு இது: ஒரு சதுர மில்லிமீட்டரில் 1 நானோகிராம் புரதம் உட்கார்ந்தால், கோணம் சுமார் 0.1 டிகிரி நகரும்.

0.1 டிகிரி எவ்வளவு? 6 நிமிடம்! நம் சோதனைக்கூட ஸ்பெக்ட்ரோமீட்டர் வெர்னியரின் மீச்சிற்றளவு என்ன? 1 நிமிடம்!

பேப்பரை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன், நண்பர்களே. நான் முதலாமாண்டில் விழுங்கியது 18 நிமிடம். அந்தக் கருவியின் கணக்கில் அது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3 நானோகிராம். ஒரு முழுப் புரதப் படலம்! மாமாவின் வால்வுமேல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கான விடை முழுவதும் நாம் 'சும்மா போட்டுக்கோ' என்று எழுதும் அந்தச் சில கோடுகளுக்குள் அடங்கிப்போகிறது. பயாகோர் இதைவிடப் பல நூறு மடங்கு நுணுக்கமாகப் படிக்கும். ஆனால் வித்தை ஒன்றுதான். முப்பட்டகம், ஒளி, கோணம், நேர்மை.

தங்கம், ஒளி, புரதம் மூன்றும் சேர்ந்த விளையாட்டை நீங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். 2020, 2021 கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்த ஆன்டிஜன் அட்டைகளில் பலவற்றில் தெரிந்த சிவப்புக் கோடு, நுண்ணிய தங்கத் துகள்களின் நிறம்தான். கிருமியின் புரதத்தை இருபுறமும் எதிர்ப்பொருள்கள் பிடித்துக்கொண்டதால் அந்தத் துகள்கள் ஒரே கோட்டில் சேர்ந்து நின்றன. ஒரு பரப்பில் நடந்த உயிரியல் நிகழ்ச்சியை நாம் வெறும் கண்ணால் பார்த்தோம். அது பெரிய விஞ்ஞானம் என்று தெரியாமலே பார்த்தோம்.

ஒளி சரியாகத்தான் பார்த்தது

நான் இரண்டாமாண்டு படிக்கும்போது நடந்தது. மாமாவின் மாதப் பரிசோதனையில் ஐ.என்.ஆர். 2.0 என்று வந்தது. அவருக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குறைவாக இருக்கிறதே என்று மாத்திரையை ஏற்றினார்கள். பத்து நாளில் பல் துலக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்கவே இல்லை. கையில், தொடையில் எல்லாம் கன்னிப்போன மாதிரி நீலம். அத்தை பயந்துபோய் வேறு ஊருக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். அங்கே பார்த்தால் ஐ.என்.ஆர். 4.8! நல்லவேளை, மாத்திரையை நிறுத்திவைத்துக் காப்பாற்றிவிட்டார்கள்.

தப்பு எங்கே? முதல் பரிசோதனை நிலையத்துக்கு நான் போய்க் கேட்டேன். அங்கிருந்த டெக்னீஷியன் நம்மைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். டிப்ளமோ முடித்தவர். பதிவேட்டைத் திறந்து அவரே தேடினார்.

அந்தக் கருவியும் ஒளிக் கருவிதான். பிளாஸ்மாவில் ரசாயனம் சேர்த்து, ஊடே ஒளி பாய்ச்சுகிறது. ஃபைப்ரினோஜன் வலையாக மாறிக் கலங்கியதும் ஒளி மாறும். அதுவரை எத்தனை நொடி என்று எண்ணும். மாமாவுக்கு 24 நொடி. சாதாரண ஆளுக்கு 12 நொடி. விகிதம் 2. இந்த விகிதத்தை, ரசாயனப் பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் ஐ.எஸ்.ஐ. என்ற எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் வருவது ஐ.என்.ஆர். பழைய பெட்டியில் அந்த எண் 1.0. அந்த வாரம் புதிய பெட்டி வந்திருந்தது, அதில் 1.4. கருவியில் எண்ணை யாரும் மாற்றவில்லை! 2-இன் அடுக்கு 1.0 என்றால் 2.0. அடுக்கு 1.4 என்றால் 2.6. மாமா சரியாகத்தான் இருந்திருக்கிறார்.

ஒளி சரியாகத்தான் பார்த்தது. 24 நொடி என்பது உண்மை. ஒரு மனிதர் ஒரு பெட்டியின் பக்கவாட்டைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த டெக்னீஷியன் அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் மறைத்திருக்கலாம். பதிவேட்டில் ஒரு எண்ணைத் திருத்தினால் யாருக்குத் தெரியப்போகிறது? அவர் முகம் வெளிறிப்போய், "தம்பி, தப்பு எங்க மேலதான்" என்றார். என் எதிரிலேயே அந்த வாரம் அதே பரிசோதனை செய்துகொண்டவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவராகப் போன் போட்டு வரச் சொன்னார். கோபமாகப் போனவன் தலை குனிந்து திரும்பினேன். ஏனென்றால் 60 டிகிரி என்று ரீடிங் போட்டுக்கொண்டவன் நான். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?

"நாம டிப்ளமோதானே!"

இந்தக் கதையை விடுதியில் சொன்னபோது நண்பர்கள் சொன்னது: "அதெல்லாம் பிஎச்.டி. படிச்சவங்க சமாச்சாரம்டா. நாம டிப்ளமோ. நமக்கு எதுக்கு நானோமீட்டர்?"

இந்தப் பேச்சுதான் எனக்குப் பிடிக்காத பேச்சு. ஆராய்ச்சிக் கட்டுரையில் பெயர் போட்டுக்கொள்பவர் வேறொருவராக இருக்கலாம். ஆனால் அந்த முப்பட்டகத்தைத் துடைத்து வைப்பது யார்? ஒளிக்கற்றையை நேராக்குவது யார்? தங்கப் பூச்சு 50-க்குப் பதில் 60 நானோமீட்டர் ஆகிவிட்டதா என்று பார்ப்பது யார்? புதுப் பெட்டி வந்தால் எண்ணை மாற்றுவது யார்? நாம்தான்! நானோமீட்டர் நம் கையில்தான் இருக்கிறது. நாம்தான் அதை யாருடையதோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு நண்பர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வளவு கருவி இருந்தும் உங்க மாமா இன்னும் மாத்திரைதானே போடறார்?" உண்மைதான். கண்ணாடித் தகட்டில் அசையாமல் கிடக்கும் பிளாஸ்மா வேறு, துடிக்கும் இதயத்தில் பாயும் ரத்தம் வேறு. தங்கத்தின்மேல் பார்த்தது எல்லாமே கோபால்ட் கலவைக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. படலம் எவ்வளவு என்று ஒளி சொல்லும். ஒட்டிய புரதம் எப்படி உருமாறிக் கிடக்கிறது என்று அறிய வேறு வழிகளும் வேண்டும். மாத்திரை இல்லாத உலோக வால்வு இன்னும் வரவில்லை. ஆனால் எதைத் தீர்க்க வேண்டும் என்று காட்டியதே இந்தக் கருவிகள்தாமே? நோய் தெரியாமல் மருந்து எங்கே?

சில வேண்டுகோள்கள்

ஆசிரியப் பெருமக்களுக்கு, பணிவோடு ஒன்று. 60 டிகிரி வந்தால் முழு மதிப்பெண், 59 டிகிரி 42 நிமிடம் வந்தால் 'திரும்ப எடு' என்றால் மாணவன் என்ன கற்றுக்கொள்வான்? வந்த விடைக்கு மதிப்பெண் தராவிட்டாலும் போகட்டும். ஏன் இப்படி வந்தது என்று அவன் எழுதும் நாலு வரிக்கு மதிப்பெண் கொடுங்கள். ரீடிங் போடும் பழக்கம் மாணவனின் சோம்பலால் மட்டும் வந்ததல்ல.

நம் மாணவர் பேரவைக்கு ஒன்று. மெட்ராலஜி அலமாரியில் ஆப்டிகல் ஃப்ளாட் வெல்வெட் துணியில் தூங்கிக்கொண்டிருக்கிறது. சோடியம் விளக்கின் கீழ் அதை ஒரு ஸ்லிப் கேஜ்மேல் வைத்தால் தெரியும் ஒவ்வொரு கோடும் சுமார் 295 நானோமீட்டர். வருடத்தில் ஒரு மதியம் அதை வெளியே எடுத்து எல்லாத் துறை மாணவர்களுக்கும் காட்டுவோமே! கண்ணாடிமேல் செல் எவ்வளவு நெருங்கி ஒட்டியிருக்கிறது என்று 1964-இல் கர்ட்டிஸ் பார்த்ததும் இதே தத்துவத்தில்தான். 'இண்டஸ்ட்ரியல் விசிட்' என்று பெயர் சொல்லிவிட்டு வருடா வருடம் ஊட்டிக்குப் போகிறோம். படகு சவாரி நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு வருடம் திருவனந்தபுரம் பூஜப்புரையில் சித்ரா வால்வு பிறந்த இடத்தைப் பார்க்க அனுமதி கேட்டுப் பார்க்கலாமே? கோவளம் கடற்கரை பக்கத்தில்தான் இருக்கிறது, கவலை வேண்டாம்!

கடைசியாக நமக்கு. இந்த வருடம் நான் இறுதியாண்டு. போன மாதம் லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் கெஞ்சி, அதே முப்பட்டகத்தை வாங்கி, அதே ஸ்பெக்ட்ரோமீட்டரில் மூன்று தடவை அளந்தேன். 59 டிகிரி 43 நிமிடம். 59 டிகிரி 42 நிமிடம். 59 டிகிரி 44 நிமிடம். அந்த முப்பட்டகம் 60 டிகிரியே இல்லை, நண்பர்களே! முதலாமாண்டில் அது என்னிடம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் நம்பவில்லை.

பழைய ரெக்கார்டு நோட்டை எடுத்து, சிவப்பு மையில் இருந்த 'குட்' பக்கத்தில் பென்சிலால் 59 டிகிரி 42 நிமிடம் என்று எழுதி வைத்தேன். அதற்கு இனி யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. பரவாயில்லை.

மாமா நன்றாக இருக்கிறார். பட்டறைக்குப் போகிறார். மாதம் தவறாமல் பரிசோதனைக்கும் போகிறார், அதே நிலையத்துக்கு. "ஏன் மாமா திரும்பவும் அங்கேயே?" என்று கேட்டேன். "தப்பை ஒத்துக்கிட்டவன் இருக்கிற இடம் மாப்ளே. வேற எங்க போய் இப்படி ஆளைத் தேடறது?" என்றார்.

நாளைக்கு நம்மில் யாரோ ஒருவர் அப்படியொரு கருவியின் முன்னால் உட்காரப்போகிறோம். எதிரில் யாருடைய மாமாவோ, யாருடைய அம்மாவோ கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்குப் பார்த்ததை எழுத வேண்டுமானால், இன்றைக்கே எழுதிப் பழகுவோம். நாளைக் காலை முதல் பீரியட் லேப்தான். தொடங்கலாமா?